நாப்பது டெஸ்ட்டும் பாஸ், ஆனா ஒத்த ஸ்ரீ-ல ஓட்டை

கேள்வி என்னன்னு முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். கும்பகோணத்துல ஒரு டிடிபி கடையில பழைய சிடி நெறைய கெடந்திருக்கு, கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், 2004 மகாமகத்துக்கு அடிச்ச துண்டுப் பிரசுரம், எல்லாமே திஸ்கில (யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி பொழங்குன தமிழ் என்கோடிங், அதாவது எழுத்துக்கு பைட் நம்பர் குடுக்குற முறை) டைப் பண்ணது. அத யூனிகோடுக்கு மாத்துறதுக்காக கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி சி மொழியில ஒரு சின்ன லைப்ரரி (மத்த ப்ரோக்ராமுக்குள்ள சேத்துக்கற கோடு) எழுதி ஓப்பன் சோர்ஸா போட்டுட்டார். இப்ப முன்னப்பின்ன தெரியாத ரெண்டு மூணு பேர் அத எடுத்து யூஸ் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க, அதுல ஒருத்தர் ராஸ்பெர்ரி பைங்கற சின்ன கம்ப்யூட்டர்ல போட்டா எழுத்து மாறவே மாட்டேங்குது, உள்ள போன மாதிரியே வெளிய வருதுங்கறார். 40 டெஸ்ட் இருக்கு, எல்லாம் பாஸ், கவரேஜ் (டெஸ்ட்ல கோடோட எத்தனை வரி ஓடுச்சுங்கற கணக்கு) 100 சதவீதம், இதுக்கு மேல என்ன டெஸ்ட் பண்றது, அடுத்த வெர்ஷன்ல ஆப்ஷன்ஸ் ஸ்ட்ரக்ட்ல (செட்டிங்ஸ் எல்லாத்தையும் ஒண்ணா கட்டி வச்ச மூட்டை) ஒரு ஃபீல்டு சேக்கணும், யாருக்கும் உடையாம எப்படி விடுறது, இதான் கேள்வி.

தம்பி, உங்க கோட முழுசா படிச்சேன். நல்லா சுத்தமா எழுதியிருக்கீங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த 40 டெஸ்ட்டும் பாஸ் ஆகிக்கிட்டு இருக்கறப்பவே உள்ள ஒரு ஹீப் ஓவர்ஃப்ளோ (கேட்டு வாங்குன மெமரியத் தாண்டி எழுதுறது) உக்காந்திருக்கு, அதுவும் நீங்க எந்த ஃபைலுக்காக இந்த லைப்ரரிய எழுதுனீங்களோ அந்த ஃபைலோட முதல் வரியிலயே. டெஸ்ட்டிங் பத்தி பொதுவா பேசறத விட இத வச்சே சொன்னா நல்லா புரியும்.

நீங்க ஒவ்வொரு வரியா எடுத்து, வரியோட நீளம் இன்ட்டு 6 ப்ளஸ் 1னு மால்லாக் பண்றீங்க, அதாவது அவ்ளோ பைட் மெமரி கேட்டு வாங்குறீங்க. 6 எங்கேருந்து வந்துச்சுன்னு புரியுது. யூனிகோட பைட்டா எழுதுற யூடிஎஃப்-8ல தமிழ் கோட்பாயின்ட் (யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் குடுக்குற நம்பர்) ஒவ்வொண்ணும் 3 பைட், திஸ்கில ஒத்த பைட்டா இருக்குற க், ம், கு, டி இதெல்லாம் யூனிகோடுல ரெண்டு கோட்பாயின்ட், அதனால ஒரு பைட்டுக்கு அதிகபட்சம் 6 பைட்டுன்னு கணக்கு போட்டிருக்கீங்க. ஆனா திஸ்கில ஸ்ரீ-ங்கறதும் ஒத்த பைட்டுதான். அத யூனிகோடுல எழுதணும்னா ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறின்னு நாலு கோட்பாயின்ட், 12 பைட். க்ஷ் எடுத்துக்கிட்டாலும் அதே கதைதான், ஒண்ணு உள்ள போனா 12 வெளிய வரும்.

சரி, அப்ப ஏன் இத்தனை நாளா ஒண்ணும் ஆகல? வரி நீளமா இருந்தா மத்த எழுத்துங்க மிச்சம் புடிச்சுக் குடுத்துடுது. லக்ஷ்மின்னு ஒரு வார்த்தைய எடுங்க, திஸ்கில 4 பைட், நீங்க ஒதுக்குறது முடிவக் காட்டுற நல் பைட்டையும் (பூஜ்யம்) சேத்து 25, தேவைப்படுறது 22, தப்பிச்சாச்சு. ஆனா கல்யாணப் பத்திரிகையோட உச்சியில என்ன இருக்கும்? நடுவுல தனியா ஸ்ரீ, அவ்ளோதான். அந்த வரி 1 பைட், நீங்க ஒதுக்குறது 7, எழுதுறது 13. சிடியில இருக்குற முக்காவாசி பத்திரிகையில இது நடந்துகிட்டே இருக்கு. ஆனாலும் க்ராஷ் ஆகாது, ஏன்னா 64 பிட் லினக்ஸ்ல ஜிலிப்சிகிட்ட (அங்க மெமரி குடுக்குற அடிப்படை சி லைப்ரரி) நீங்க 7 பைட் கேட்டாலும் அது குறைஞ்சது 24 பைட் யூஸ் பண்ற மாதிரிதான் குடுக்கும். 13 பைட் அதுக்குள்ள அடங்கிடுது. அந்த தாராளத்துலதான் உங்க லைப்ரரி இத்தனை நாள் ஓடியிருக்கு. எவனாவது வேணும்னே 10,000 ஸ்ரீ-ய ஒரே வரியில போட்டு அனுப்புனான்னு வைங்க, ஒதுக்குன இடத்துக்கு வெளிய 60,000 பைட் எழுதிட்டு போகும், அப்ப என்ன வேணா நடக்கலாம்.

இது ஏதோ படிக்கிற பசங்க பண்ற தப்புன்னு நெனைக்க வேணாம். 2024 ஏப்ரல்ல அதே ஜிலிப்சியோட ஐகான்வ்-லயே (என்கோடிங் மாத்துற பகுதி) இதே ஜாதி ஓட்டை ஒண்ணு வெளிய வந்துச்சு, சீன எழுத்துக்கான ஒரு என்கோடிங்குக்கு மாத்துறப்ப பஃபர் முடிவத் தாண்டி சில பைட் எழுதிடும், அந்த ஓட்டையோட பொது நம்பர் சிவிஇ-2024-2961. இருபது வருஷத்துக்கு மேல அங்கயே இருந்திருக்கு, பாக்க ரெண்டு மூணு பைட்தானேன்னு தோணும், ஆனா அத வச்சு பிஹெச்பி சைட்டுங்கள உள்ள புகுந்து புடிக்கலாம்னு செஞ்சே காட்டிட்டாங்க. எழுத்து மாத்துற கோடுல அளவு கணக்கு தப்புறது ரொம்ப பழைய வியாதி.

இப்ப கவரேஜ் விஷயத்துக்கு வருவோம். 100 சதவீதம்னு சந்தோஷமா எழுதியிருந்தீங்க. அந்த மால்லாக் வரி உங்க 40 டெஸ்ட்லயும் ஓடியிருக்கு, கவரேஜ் கணக்கெடுக்குற ஜிகாவ் அத ஓடுன வரின்னுதான் காட்டும், ஆனா தப்பு அந்த வரியிலதான் இருக்கு. வரி ஓடுச்சாங்கறது ஒரு கேள்வி, எந்தெந்த அளவுக்கெல்லாம் ஓடுச்சுங்கறது வேற கேள்வி, கவரேஜ் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதுக்காக அத தூக்கிப் போட வேணாம், எந்த எரர் பாதைய டெஸ்ட் தொடவே இல்லன்னு கண்டுபுடிக்க அது நல்ல கருவி. எஸ்க்யூலைட்ங்கற டேட்டாபேஸ் லைப்ரரிக்காரங்க வரியோட நிக்காம கண்டிஷனுக்குள்ள இருக்குற ஒவ்வொரு பகுதியும் தனித்தனியா முடிவ மாத்துதான்னு பாக்குற அளவுக்கு போறாங்க, அவங்க சொந்தக் கணக்குப்படி லைப்ரரி கோட விட டெஸ்ட் கோடு சுமார் 590 மடங்கு. அவ்ளோ தூரம் நீங்க போக வேணாம், பயந்துடாதீங்க.

முதல் வேலையா இன்னிக்கே பண்ண வேண்டியது, உங்க மேக்ஃபைல்ல (எப்படி கம்பைல் பண்ணணும்னு எழுதுன ஃபைல்) டெஸ்ட்டுக்குன்னு தனியா ஒரு டார்கெட் வச்சு அட்ரஸ் சானிடைசரையும் (மெமரி எல்லை மீறுறத புடிக்கும்) அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரையும் (சி ஸ்டாண்டர்டு என்ன ஆகும்னு சொல்லாத நடத்தைய புடிக்கும்) ஆன் பண்ணி கம்பைல் பண்றது. ஜிசிசி, க்ளாங் ரெண்டு கம்பைலர்லயும் சும்மா ஒரு ஃப்ளாக்தான், எதுவும் புதுசா இன்ஸ்டால் பண்ற வேலை பெருசா கிடையாது. அப்புறம் வெறும் ஸ்ரீ மட்டும் இருக்குற ஒரு வரிய டெஸ்ட்டா சேத்து ஓட்டுங்க. எந்த வரியில, எத்தனை பைட் ஒதுக்குன இடத்துக்கு எத்தனை பைட் தள்ளி எழுதுனீங்கன்னு சிவப்பு எழுத்துல சொல்லிட்டு நின்னுடும். அது கேட்ட 7-அ 7-ஆவே பாக்கும், ஜிலிப்சி மாதிரி தாராளம் காட்டாது.

வால்கிரைண்டுங்கற மெமரி சோதனைக் கருவியும் இத புடிக்கும், அதுக்கு மறுபடி கம்பைல் கூட பண்ண வேணாம், ஆனா 20-30 மடங்கு மெதுவா ஓடும், சானிடைசர் சுமார் ரெண்டு மடங்குதான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மாத்து இல்ல. ஸ்டாக்ல இருக்குற அரே தாண்டிப் போறது வால்கிரைண்ட் கண்ணுல படாது, சானிடைசர் புடிக்கும். மதிப்பே போடாத வேரியபிள படிச்சு அத வச்சு இஃப் போடுறது வால்கிரைண்டுக்கு தெரியும், அட்ரஸ் சானிடைசருக்கு தெரியாது. நான் தினசரி சானிடைசர், ரிலீஸுக்கு முன்னாடி ஒரு தடவ வால்கிரைண்டுன்னு வச்சிருக்கேன், ராத்திரி சாப்பிட போறப்ப ஓட விட்டா வந்து பாக்குறப்ப முடிஞ்சிருக்கும், நடுவுல கரண்ட் போகாம இருந்தா.

அந்த அளவு கணக்க சரி பண்றப்ப 6-அ 12ன்னு மாத்திட்டு போயிடாதீங்க, அது வேலை செய்யும், ஆனா சாதாரண வரிக்கு எடத்த அநியாயத்துக்கு வீணாக்கும், நாளைக்கு வேற என்கோடிங் சேத்தா மறுபடி யாராவது கணக்கு போடணும். 256 இடம் இருக்குற ஒரு டேபிள் வச்சுக்கோங்க, ஒவ்வொரு திஸ்கி பைட்டுக்கும் எத்தனை யூடிஎஃப்-8 பைட் வரும்னு. முதல் சுத்துல கூட்டிப் பாருங்க, அப்புறம் மால்லாக், ரெண்டாவது சுத்துல எழுதுங்க. கூட்டுறப்ப ஸைஸ்-டி (அளவு வைக்கிற சி வேரியபிள் வகை) நிரம்பி வழியுதான்னும் பாக்கணும், 32 பிட் மெஷின்ல 35 கோடி பைட்டுக்கு மேல உள்ள ஃபைல் முழுக்க ஸ்ரீ-யா இருந்தா கூட்டுத்தொகை சுத்திக்கிட்டு வந்து சின்ன நம்பர் ஆயிடும். அவ்ளோ பெரிய பத்திரிகை எவன் அடிக்கப் போறான்னு சிரிக்கலாம், ஆனா உங்க லைப்ரரிய வெப் சர்வருக்குள்ள போட்டவனுக்கு வர்ற ஃபைல் பத்திரிகையாதான் இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இன்னொரு ஓட்டையும் பாத்தேன், இது படிக்கிற பக்கம். திஸ்கில கொ-ங்கறது கொம்பு, க, கால்னு கண்ணுக்கு தெரியற வரிசையில மூணு பைட்டா இருக்கும், யூனிகோடுல க முதல்ல, குறி பின்னாடி. அதனால கொம்ப பாத்ததும் அடுத்த ரெண்டு பைட்ட எட்டிப் பாக்குறீங்க, சரி, ஆனா வரி கொம்போடயே முடிஞ்சிருந்தா? அடுத்தது முடிவு நல், அதுக்கு அடுத்தது உங்க எடமே இல்ல. டைப் பண்றவங்க வரி ஒடைக்கிறப்ப கொம்ப மேல விட்டுட்டு எழுத்த கீழ தள்ளிடறது பழைய டிடிபி ஃபைல்ல சகஜம். ஓபன்எஸ்எஸ்எல்ங்கற என்க்ரிப்ஷன் லைப்ரரியில 2014ல வந்த ஹார்ட்ப்ளீட் ஓட்டையும் அடிப்படையில தனக்கு சொந்தமில்லாத எடத்த படிச்சதுதான், எதிராளி சொன்ன நீளத்த அப்படியே நம்பி 64 கேபி வரைக்கும் மெமரிய எடுத்துக் குடுத்துச்சு. உங்களுது ஒரு பைட்தான், ஆனா பழக்கம் ஒண்ணுதான். அதோட ஃபங்ஷன் ஸ்ட்ரிங் மட்டும் வாங்காம நீளத்தையும் சேத்து வாங்கட்டும், பழைய ஃபைல்ல நடுவுல நல் பைட் வந்தா இப்ப பாதியிலயே நின்னுடுது.

இந்த ரெண்டையும் நான் கண்ணால படிச்சு சொல்லிட்டேன், மூணாவதா ஒண்ணு இருந்தா யாரு சொல்றது? அதுக்குதான் ஃபஸ்ஸிங். நீங்க எழுதுன 40 டெஸ்ட்டும் நீங்க நெனைச்சுப் பாத்த 40 விஷயம், உங்களுக்கு தோணாதது அதுல எப்படி வரும். லிப்ஃபஸ்ஸர்னு க்ளாங்கோடயே வருது, ஒரு பைட் வரிசையும் நீளமும் வாங்கி உங்க ஃபங்ஷன கூப்பிடுற பத்து வரி எழுதுனா போதும், அதுவே பைட்ட மாத்தி மாத்திப் போட்டு, எந்த மாத்தம் கோடுல புதுப் பாதைய தொறக்குதுன்னு பாத்து அந்தப் பக்கமா நோண்டிக்கிட்டே போகும். உங்க கோடு மாதிரி சின்னதா, உள்ள பைட் வெளிய பைட்னு இருக்குற லைப்ரரிக்கு இத விட பொருத்தமான கருவி கிடையாது. சானிடைசரோட சேத்து ஓட்டுங்க, அது முக்கியம், இல்லன்னா தாண்டி எழுதுனாலும் சத்தமே வராது. ஃபஸ்ஸர் கண்டுபுடிச்சுக் குடுக்குற ஒவ்வொரு இன்புட்டையும் அப்படியே நிரந்தர டெஸ்ட்டா சேத்துடுங்க, சரி பண்ண பக் ஆறு மாசம் கழிச்சு அதே உருவத்துல திரும்பி வர்றது நான் பாத்த வரைக்கும் ரொம்ப சாதாரணம்.

க்ராஷ் ஆகல, ஆனா எழுத்து தப்பா வருதுன்னா ஃபஸ்ஸருக்கு எப்படித் தெரியும்? அதுக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கு, ஜிலிப்சியோட ஐகான்வ்-க்கு திஸ்கி தெரியும். அதே இன்புட்ட அதுக்கும் குடுங்க, உங்களுதுக்கும் குடுங்க, ரெண்டும் வித்தியாசப்பட்டா நிறுத்தி பாருங்க. எப்பவும் அதுதான் சரின்னு இல்ல, ஆனா ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் உங்ககிட்ட ஒரு பதில் இருக்கணும். போயிட்டு திரும்பி வர்ற டெஸ்ட்டும் போடலாம், ஆனா திசை முக்கியம். திஸ்கில தொடங்கி யூனிகோடு போயி திரும்பி வந்தா பைட்டுக்கு பைட் ஒண்ணா இருக்கணும்னு எதிர்பாக்காதீங்க, டி-ய ஒத்த பைட்டாவும் போடலாம், ட-வும் இகரக் குறியுமா ரெண்டு பைட்டாவும் எவனாவது போட்டு வச்சிருப்பான். யூனிகோடுல தொடங்குங்க, அதுவும் நார்மலைஸ் பண்ணிட்டு (ஒரே எழுத்துக்கு ஒரே வடிவம் ஆக்கிட்டு), ஏன்னா கொ-வுக்கே க கூட ஒத்த ஒகரக் குறி போடலாம், இல்ல கொம்பும் காலும் தனித்தனியா போடலாம், ரெண்டும் யூனிகோடு கணக்குல ஒண்ணுதான், ஆனா பைட் வேற வேற. ஸ்ரீ-லயே கூட ஸ போட்டு எழுதறதும் உண்டு, 2005ல யூனிகோடு 4.1ல வந்த ஶ போட்டு எழுதறதும் உண்டு, திரையில ஒரே மாதிரி தெரியும், தேடுனா மாட்டாது. நீங்க எத வெளிய விடுறீங்கன்னு ஹெட்டர் ஃபைல்லயே (லைப்ரரிய யூஸ் பண்றவர் தன் கோடுல சேத்துக்கற அறிவிப்பு ஃபைல்) எழுதி வைங்க, அப்புறம் எக்காரணம் கொண்டும் சத்தமில்லாம மாத்தாதீங்க.

ராஸ்பெர்ரி பை விஷயம். தமிழ் பைட்டா இல்ல சாதாரண ஆங்கில எழுத்தான்னு கண்டுபுடிக்க, கேர் (ஒரு பைட் வைக்கிற சி வகை) வேரியபிள் பூஜ்யத்துக்கு கீழ இருக்கான்னு பாக்குறீங்க. இன்டெல், ஏஎம்டி லினக்ஸ்ல வெறும் கேர் சைன்ட் (மைனஸும் வரும்), அதனால 127க்கு மேல உள்ளதெல்லாம் மைனஸா தெரியும், வேலை நடக்கும். பையில இருக்குற ஆர்ம் சிப்போட லினக்ஸ்ல வெறும் கேர் அன்சைன்ட் (மைனஸே கிடையாது), அது பூஜ்யத்துக்கு கீழ போகவே போகாது, அதனால எல்லாத்தையும் ஆங்கிலம்னு நெனச்சு அப்படியே வெளிய தள்ளுது. அவர் மெஷின்ல கோளாறு இல்ல, ரெண்டுமே சி ஸ்டாண்டர்டு அனுமதிக்கிறதுதான். பைட்ட தொடுற எடத்துல எல்லாம் அன்சைன்ட் கேர்னு எழுதிட்டு 127க்கு மேலயான்னு கேளுங்க. இத டெஸ்ட் பண்ண பை வாங்க வேணாம், ஜிசிசி-ல வெறும் கேர அன்சைன்டா எடுத்துக்கன்னு சொல்றதுக்கு ஒரு ஃப்ளாக் இருக்கு, உங்க லேப்டாப்லயே டெஸ்ட்ட அப்படி ஒரு தடவ, இப்படி ஒரு தடவ ஓட்டுங்க. இதுக்கு ஒட்டுன மாதிரி இன்னொண்ணு, இஸ்-ஸ்பேஸ் மாதிரி ஃபங்ஷனுக்கு மைனஸ் மதிப்பு போனா ஜிலிப்சி பொறுத்துக்கும், விண்டோஸ் டீபக் பில்ட் அசர்ட் போட்டு நிப்பாட்டிடும். அங்க லாங்-கும் 64 பிட்லயும் 4 பைட்தான், லினக்ஸ்ல 8. அதனால சிஐ-ல (கோட் மாறுறப்பல்லாம் தானா டெஸ்ட் ஓட்டுற ஏற்பாடு) லினக்ஸ்ல ஜிசிசி, க்ளாங், 32 பிட் ஒண்ணு, விண்டோஸ் ஒண்ணு, ஆர்ம் ஒண்ணு, இது போதும். இதுக்கு மேல அடுக்குனா சிஐ-ய பாத்துக்கறதே தனி வேலையாயிடும்.

வார்னிங் எல்லாத்தையும் எரரா மாத்துற ஃப்ளாக் சிஐ-ல மட்டும் இருக்கட்டும், ரிலீஸ் பண்ற மேக்ஃபைல்ல வேணாம். அடுத்த வருஷம் வர்ற கம்பைலர் புதுசா ஒரு வார்னிங் குடுக்கும், உங்க லைப்ரரிய பில்ட் பண்ண முடியலன்னு நடுராத்திரி மெயில் வரும். 2024ல ஜிசிசி 14 வந்தப்போ டிக்ளேர் பண்ணாத ஃபங்ஷன கூப்பிடுறத எரராவே ஆக்கிடுச்சு, அதுல எத்தனையோ பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் படுத்துச்சு.

மெமரி கிடைக்கலன்னா என்ன ஆகும்னு நீங்க டெஸ்ட்டே பண்ணல, யாரும் பண்றதில்ல. மால்லாக்-க சுத்தி ஒரு சின்ன ஃபங்ஷன் வச்சு, முதல் தடவ கேட்டா நல் (இடம் இல்லங்கற பதில்) குடு, எல்லாம் ஓட்டு, அப்புறம் ரெண்டாவது தடவ கேக்குறப்ப நல் குடு, இப்படியே ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டே போங்க, ஃபங்ஷன் முழுசா ஜெயிக்கிற வரைக்கும். நெட்ல டேட்டா அனுப்பி வாங்குற கர்ல்-ல டார்ச்சர் டெஸ்ட்டுன்னு இதத்தான் பண்றாங்க, எஸ்க்யூலைட்லயும் உண்டு. எரர் பாதையிலதான் லீக்கும் ரெண்டு தடவ ஃப்ரீ பண்றதும் ஒளிஞ்சிருக்கும். உங்ககிட்ட ரியால்லாக் (வாங்குன எடத்தோட அளவ மாத்திக் கேக்குறது) பண்ணதையே பழைய பாயின்டர்ல திருப்பிப் போடுற எடம் ஒண்ணு இருக்கு, அது தோத்தா பழைய எடமும் கையவிட்டு போச்சு. அதோட தோத்தா எக்ஸிட் கூப்பிடுறீங்க பாருங்க, அது கூடவே கூடாது. லைப்ரரி விருந்தாளி, அடுத்தவன் ப்ரோக்ராம மூடுற உரிமை அதுக்கு இல்ல, எரர் நம்பர திருப்பிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கணும்.

டெஸ்ட் ஃபைல்ஸ் ஃபோல்டர பாத்து எனக்கு பகீர்னு ஆச்சு. நெசமான பத்திரிகைங்கள அப்படியே போட்டிருக்கீங்க, பொண்ணு மாப்பிள்ளை பேரு, அப்பா அம்மா பேரு, வீட்டு விலாசம், லேண்ட்லைன் நம்பர் வரைக்கும் இருக்கு. கடைக்காரர் சிடி குடுத்தார்ங்கறதுக்காக அந்தக் குடும்பங்க சம்மதிச்சதா ஆகாது. தூக்கிடுங்க, கோடோட எல்லா மாத்தத்தையும் சேத்து வைக்கிற கிட்-ல சும்மா டெலீட் பண்ணா பழைய கமிட்ல இருக்கும், ஹிஸ்டரியையே மாத்தி எழுதணும், இப்பதான் ரெண்டு மூணு பேர் இருக்காங்க, இப்பவே பண்ணிடுங்க. அதுக்கு பதிலா நீங்களே கற்பனையா பத்து வரி எழுதி, அத பைனரி ஃபைலா வைக்காம பைட் நம்பரா சி அரேவுல எழுதி பக்கத்துல கமென்ட்ல என்ன எழுத்துன்னு போடுங்க. இதுல ரெண்டு லாபம். திஸ்கி ஃபைல எவனாவது எடிட்டர்ல தொறந்து யூடிஎஃப்-8ஆ சேவ் பண்ணி கெடுக்க முடியாது, விண்டோஸ் கிட் வரி முடிவ மாத்தித் தொலைக்கவும் முடியாது. ரெண்டாவது லாபம், படிக்கத் தெரிஞ்ச எவனும் டெஸ்ட்ல என்ன இருக்குன்னு பாக்கலாம்.

அந்த ரெண்டாவது ஏன் பெருசுன்னா, 2024 மார்ச்ல ஃபைல சுருக்குற எக்ஸ்-இசட் லைப்ரரியில நடந்தது ஞாபகம் இருக்கும். 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்ல பின்வாசல் கோட ஒளிச்சு வச்சதே டெஸ்ட் ஃபைலுக்குள்ளதான், கெட்டுப்போன சுருக்கின ஃபைல்னு பேரு போட்டா யாரும் தொறந்து பாக்க மாட்டாங்கன்னு. அத எடுத்து ஓட விடுற ஸ்கிரிப்ட் கிட்-ல இல்ல, ரிலீஸ் டார்பால்ல (ரிலீஸுக்காக கட்டி வெளிய விடுற கோட் பொதி) மட்டும் இருந்துச்சு. ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட்ங்கற ப்ரோக்ராமர் அத கண்டுபுடிச்சது எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டப் போயி, வால்கிரைண்ட் கத்துனதையும் அவர் சும்மா விடல. பின்வாசல் வச்சவன் வெளிய இருந்து வரல, ரெண்டு வருஷத்துக்கு மேல பேட்ச் அனுப்பி, தனி ஒண்டியா மல்லாடிக்கிட்டிருந்த மெயின்டெய்னருக்கு ஒத்தாசை பண்ற மாதிரி நடிச்சு, கமிட் உரிமை வாங்கி உள்ள வந்தவன். ஆகவே ஒத்தாசைக்கு ஆள் வந்தா வரவேற்கலாம், ஆனா உரிமைய அவசரப்பட்டு குடுக்காதீங்க, ரிலீஸ் டார்பால கிட் டேக்லேருந்து யார் பண்ணாலும் அதே பைட் வர்ற மாதிரி வச்சுக்கோங்க. எப்ப ரிலீஸ்னு யாராவது நச்சரிச்சா அதுக்கு வளைஞ்சு குடுக்கவும் வேணாம், நீங்க படிக்கிற பையன், பரீட்சை நேரத்துல ஒரு மாசம் பாக்க மாட்டேன்னு ரீட்மீ-ல எழுதி வச்சுட்டு போங்க.

இப்ப ஸ்ட்ரக்ட் கேள்வி. ஆப்ஷன்ஸ் ஸ்ட்ரக்ட்ட ஹெட்டர்ல முழுசா தொறந்து வச்சிருக்கீங்க, யூஸ் பண்றவர் அத தன் ஸ்டாக்லயே வச்சுக்கறார். நீங்க ஒரு ஃபீல்டு சேத்து ஷேர்டு லைப்ரரிய (ப்ரோக்ராமுக்கு வெளிய தனி ஃபைலா இருக்குறது) மட்டும் புதுசா போட்டா, பழைய ப்ரோக்ராம் சின்ன ஸ்ட்ரக்ட் குடுக்கும், புது லைப்ரரி பெரிய ஸ்ட்ரக்ட்டுன்னு நெனச்சு அதுக்கு அப்பால உள்ளத படிக்கும். கம்பைல் எரர் கூட வராது. தலைமடையில ஷட்டர அரை அடி மாத்துனா அங்க ஒண்ணும் தெரியாது, வேதாரண்யம் பக்கம் கடைமடைக்காரன்தான் வயல்ல நின்னுகிட்டு என்னாச்சுன்னு முழிப்பான், ஹெட்டர் ஃபைல்ல கை வைக்கிறதும் அப்படித்தான். இன்னும் 1.0 வரல, ஆள் கம்மி, அதனால இந்த ஒரு தடவ உடைச்சுடுங்க: ஸ்ட்ரக்ட்ட சி ஃபைலுக்குள்ள ஒளிச்சு, வெளிய பாயின்டர் மட்டும் குடுத்து, உருவாக்க ஒரு ஃபங்ஷன், ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு ஃபங்ஷன், அழிக்க ஒரு ஃபங்ஷன். நீங்க ஒதுக்கிக் குடுத்த மெமரிய உங்க ஃப்ரீ ஃபங்ஷனாலயே விடணும்னு எழுதுங்க, விண்டோஸ்ல டிஎல்எல் ஒரு ரன்டைம், ப்ரோக்ராம் வேற ரன்டைம்னு இருந்தா ஒருத்தர் மால்லாக் பண்ணத இன்னொருத்தர் ஃப்ரீ பண்ணா வெடிக்கும்.

பேரு மாத்தணும்னா பழைய பேர எடுக்காதீங்க, புதுசுக்கு அனுப்புற ஒரு வரி ஃபங்ஷனா விட்டு வைங்க, வேணாம்னு வார்னிங் மட்டும் வரட்டும். லிப்கர்ல் கடைசியா தன் ஷேர்டு லைப்ரரியோட பெரிய நம்பர (பழசோட ஒத்துப்போகாதுன்னா மாத்துறது) மாத்துனது 2006ல, அன்னிலேருந்து பழைய ப்ரோக்ராமும் புது லைப்ரரியோட ஓடுது, நடுவுல எவ்ளோ சேத்திருக்காங்கன்னு பாருங்க. டாக்குமென்ட்ல போடாட்டியும் மக்கள் எதையும் நம்பி எழுதிடுவாங்கங்கறதும் ஞாபகத்துல இருக்கட்டும். 2010ல ஜிலிப்சில மெமரிய காப்பி பண்ற மெம்காப்பி-ய வேகமாக்கப் போயி, ஒண்ணு மேல ஒண்ணு படியற எடத்துல காப்பி பண்ணா தப்பா வர ஆரம்பிச்சுது, அப்படி பண்ணக்கூடாதுன்னு ஸ்டாண்டர்டு தெளிவா சொல்லியிருக்கு, ஆனா ஃபெடோரா 14ல ஃப்ளாஷ் ப்ளேயர் சத்தம் கரகரன்னு போயிடுச்சு. சட்டப்படி ஜிலிப்சி பக்கம்தான் நியாயம், இருந்தும் கடைசியில சிம்பலுக்கு (லைப்ரரிக்குள்ள ஃபங்ஷனோட பேரு) வெர்ஷன் நம்பர் குடுத்து, பழைய ப்ரோக்ராமுக்கு பழைய நடத்தையே கிடைக்கிற மாதிரி பண்ண வேண்டியதாச்சு.

இந்த ஓட்டைங்கள அடைச்சதும் உடனே ரிலீஸ் விடுங்க, புது ஃபீச்சரோட சேத்து விடலாம்னு காத்திருக்காதீங்க. டேட்டாவ சுருக்குற இசட்லிப் லைப்ரரியில மெமரிய கெடுக்குற ஒரு பக் 2018லயே கிட்-ல சரி பண்ணியாச்சு, ஆனா அது அடங்குன ரிலீஸ் 1.2.12 வந்தது 2022 மார்ச்ல. உலகம் பூரா அத போட்டிருக்கிறவங்க நாலு வருஷம் ஓட்டையோட ஓடுனாங்க, திருத்தம் எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி கிட்-ல கெடந்தும். சின்ன ரிலீஸ், அதுல பக் திருத்தம் மட்டும், சேஞ்ச்லாக்ல ஒளிக்காம ஹீப் ஓவர்ஃப்ளோன்னே எழுதுங்க, அப்பதான் யூஸ் பண்றவருக்கு அவசரம் புரியும். லைசென்ஸ் ஃபைலையே காணோம், அதையும் இதுலயே போடுங்க, லைசென்ஸ் இல்லன்னா கிட்ஹப்ல தொறந்து கெடந்தாலும் சட்டப்படி எவனும் எடுத்துப் போட முடியாது, எம்ஐடி போட்டா இந்த மாதிரி சின்ன லைப்ரரிக்கு தகராறே இல்ல.

கடைசியா, பாமினியும் (இன்னொரு பழைய தமிழ் ஃபான்ட் முறை) சேருங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்னு எழுதியிருந்தீங்க. இப்ப வேணாம். பாமினில ஔகாரத்துக்கும் ள-வுக்கும் ஒரே கீதான், கெள-ன்னு வந்தா அது ஒத்த எழுத்து கௌ-வா, இல்ல கெ, ள-ன்னு ரெண்டு எழுத்தான்னு பைட்ட பாத்து சொல்லவே முடியாது, அகராதி வச்சு ஊகிக்கணும், ஊகம்னு வந்துட்டா இன்னிக்கு ஒரு மாதிரி நாளைக்கு வேற மாதிரின்னு பதில் மாறும், ஐகான்வ்-வோட ஒப்பிட்டு பாக்கவும் வழி இல்ல. திஸ்கி பக்கம் ஃபஸ்ஸர் ஒரு வாரம் சத்தம் போடாம ஓடட்டும். அப்புறமும் அவர் கேட்டா தனி ஃபங்ஷனா, தனிப் பேர்ல, ஊகிச்ச எடத்தையெல்லாம் எண்ணிச் சொல்ற மாதிரி எழுதுங்க, திஸ்கி ஃபங்ஷனுக்குள்ள அத நுழைக்காதீங்க.